அசையாத பெட்டி

"தள்ளுங்க கம்பவுண்டரே."

"எதை மேடம்?"

"பீரோவை."

கம்பவுண்டர் அந்த இரும்பு பீரோவை ஏற இறங்கப் பார்த்தார். துப்பறியும் ஆபீசில் சேர்ந்தால் கையில் துப்பாக்கி கொடுப்பார்கள் என்று நம்பி வந்தவர் அவர். மூன்று வருஷத்தில் கைக்கு வந்ததெல்லாம் துடைப்பம், குடை, பசை டப்பா. இன்றைக்கு பீரோ. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ஒரு மருந்துக்கடையில் கலவை கலக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தரின் வியாதியை அவருடைய சம்பந்தியிடமே சொல்லி வேலையைத் தொலைத்தார். வேலை போனதே தவிர வாய் அப்படியேதான் இருக்கிறது.

"உள்ள என்ன மேடம் இருக்கு?"

"பழைய கேஸ் கட்டுங்க."

"அதான பார்த்தேன். பாவச் சுமை."

எதிர் நாற்காலியில் இருந்த பெண் சிரிக்கவில்லை. உள்ளே வந்த நிமிஷத்திலிருந்து அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நாள் முன்பு ஒரு கோடவுனில் சரிவிலிருந்து மரப்பெட்டி சறுக்கி வந்து அவளுடைய அண்ணனைக் கொன்றது. அண்ணன் அங்கே ஸ்டோர் கீப்பர். பெட்டியைச் சரிவில் நிறுத்தியவன் அவளுடைய கணவன், அங்கேயே லோடுமேன். பெட்டிக்கு முன்னால் ஆப்பு வைக்க மறந்துவிட்டான் என்பது கேஸ். இன்று நாலு மணிக்கு அவனைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள்.

"பீரோ தள்ளிக் காட்டத்தான் என்னை வரச் சொன்னீங்களா?" என்றாள் அவள். "நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. என் வீட்டுக்காரர் ஆப்பு வெச்சாரா இல்லையா? வெக்கலைன்னா சொல்லிடுங்க. எங்கண்ணன சாகடிச்ச மனுஷனோட இனிமே ஒரு கூரைக்குக் கீழ இருக்க முடியாது. அவர் ஜெயிலுக்குப் போறதும் வர்றதும் எனக்கு வேண்டாத விஷயம்."

"அவர் என்ன சொல்றார்?"

"மொதல் நாள் வெச்சேன்னார். மூணாம் நாள் வெச்ச ஞாபகம்னார். நேத்து, வெச்சேனான்னு எனக்கே தெரியலன்னு அழுதார். போலீஸ்காரங்க கேட்டுக் கேட்டு அப்படி ஆக்கிட்டாங்க. இல்ல, நெஜமாவே வெக்கலையோ என்னவோ. அதுக்கப்புறம் நான் அவர்கிட்ட பேசல."

பிரேக் மேடம் தலையாட்டினாள். ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். வண்டிகளின் பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆபீசில் பத்து வருஷம் இருந்தவள். ஒரு பஸ் கம்பெனிக்குப் பொய்ச் சான்றிதழ் கொடுக்கச் சொன்ன மேலதிகாரியின் மேஜையிலேயே ராஜினாமாவை வைத்துவிட்டு வந்து இந்தத் துப்பறியும் ஆபீஸைத் திறந்தாள். எது நிற்கும், எது நிற்காது என்பதில் அவளிடம் யாரும் வாதாட முடியாது.

"தள்ளுங்க" என்றாள் மறுபடி.

கம்பவுண்டர் தோளைக் கொடுத்தார். பீரோ அசையவில்லை. முக்கினார், முனகினார், குலதெய்வத்தைக் கூப்பிட்டார். திடீரென்று பீரோ விட்டுக்கொடுத்தது. கொடுத்த வேகத்தில் ஓரடி தூரம் கிறீச்சென்று ஓடியது. கம்பவுண்டரும் கூடவே ஓடி அதன்மேல் விழுந்தார்.

"பார்த்தீங்களா? அசைக்கறதுக்குத்தான் பாடு. அசைஞ்சதுக்கப்புறம் அவ்வளவு பலம் வேணாம். இப்ப இதுங்க மேல."

அவள் ஒரு கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து பீரோவைத் தூக்கி, அடியில் இரண்டு குழாய்த் துண்டுகளைச் செருகினாள். கம்பவுண்டர் தன் சுண்டுவிரலால் தொட்டார், கோபத்தில். பீரோ நகர்ந்தது.

"அடப்பாவி! இதை முதல்லயே வெச்சிருக்கலாமே!"

"தரையைப் பாருங்க. சறுக்கின இடத்துல கீறல். உருண்ட இடத்துல ஒண்ணுமில்ல."

கம்பவுண்டருக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று கோடவுனில் அந்த இரும்புத் தகடு போட்ட சரிவை இருவரும் குனிந்து பார்த்தார்கள். பெட்டி நின்றிருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கோடு. அங்கிருந்து ஒரு முழம் வரை தகட்டில் துருவும் தூசியும் கலையாமல் இருந்தன. அதற்குக் கீழேதான் கீறல் ஆரம்பித்தது.

"அப்ப அந்தப் பெட்டி முதல் ஒரு முழம் சறுக்கல" என்றார் மெதுவாக. "உருண்டிருக்கு. எண்ணெய் கிண்ணெய் ஊத்தியிருந்தா?"

"ஊத்தினா சுத்தி வழியும், பெட்டிக்கு அடியில போகாது. அப்புறம் தூசி அங்க சகதியா இருந்திருக்கும். காய்ஞ்சு கெடந்துதே. எண்ணெய் இல்ல. யாரோ கடப்பாரையால தூக்கி, அடியில உருட்டுக் கம்பி வெச்சிருக்காங்க. பெட்டியை நிறுத்திட்டு எல்லாரும் சாப்பிடப் போனாங்க. நாப்பது நிமிஷம் அது நின்னுது. நாப்பது நிமிஷம் நின்ன பெட்டிக்கு நாப்பத்தோராவது நிமிஷம் தானா கால் முளைக்காது."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "அப்ப அவர் ஆப்பு வெச்சார்?"

"அது தெரியாதும்மா."

"என்ன?"

"அந்தச் சரிவு அவ்வளவு செங்குத்து இல்ல. ஆப்பு வெச்சாலும் பெட்டி நிக்கும், வெக்காட்டியும் நிக்கும். கம்பி செருகினவன்தான் சாகடிச்சான், அது நிச்சயம். கம்பி செருகறப்ப பெட்டி உருண்டுடாம இருக்க ஒரு ஆப்பு வேணும். அவன் அங்க போனப்ப உங்க வீட்டுக்காரர் வெச்ச ஆப்பு இருந்துதா, இல்ல அவனே ஒண்ணை வெச்சுக்கிட்டானா? அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப அவனப் புடிங்க" என்றாள் அந்தப் பெண். குரலில் நன்றி என்று ஒரு சொட்டுக்கூட இல்லை.

*

கோடவுன் வாசலில் அவர்களை வரவேற்றது ஒரு நாய். அது ஒன்றுதான் வாலாட்டியது.

இயந்திரங்களுக்கான பேரிங் விற்கும் கோடவுன் அது. லாரி உயரத்துக்கு ஒரு மேடை, அதிலிருந்து தரைக்கு இறங்கும் சரிவு, சுற்றிலும் கூரையைத் தொடும் பெட்டிகள், எதைத் தொட்டாலும் கிரீஸ். முதலாளி கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். அவருக்கு இந்தக் கேஸ் முடிந்துவிட்டது. முடிந்த கேஸைக் கிளறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

"அரை மணி நேரம்" என்றார் முதலாளி. "அதுக்கு மேல நின்னா வாட்ச்மேனை விட்டுத் தள்ளச் சொல்லுவேன்."

"மெதுவா தள்ளச் சொல்லுங்க சார். நானே காலையிலேர்ந்து தள்ளிட்டுத்தான் இருக்கேன்" என்றார் கம்பவுண்டர்.

"யோவ், வாய மூடு." சொன்னது மேஸ்திரி. லோடுமேனாகச் சேர்ந்து இருபது வருஷத்தில் மேஸ்திரியானவன். கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. விபத்தைக் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்த ஒரே சாட்சி அவன்தான். மேடைமேல் நின்ற இரண்டு லோடுமேன்களும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சே விட்டார்கள்.

மூலையில் உடைந்த பெட்டி கிடந்தது. மேடம் குனிந்து, சிதறியிருந்த பேரிங் ஒன்றை எடுத்தாள். பளபளவென்று புதுசு. விரலில் மாட்டிச் சுண்டினாள். கரகரவென்று மணலை மென்றதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது.

"கைய வெக்காதீங்க!" என்று கத்தினார் முதலாளி. "அது போலீஸ் சாமான்."

"உங்க சாமானும்தான். புது பேரிங் இப்படியா சுத்தும்?"

முதலாளி வாயைத் திறந்து மூடினார். மேடம் பேரிங்கை அவர் கையிலேயே வைத்துவிட்டுச் சரிவுக்கு வந்தாள்.

லோடுமேன்கள் அதே எடையுள்ள இன்னொரு பெட்டியைக் கயிற்றில் இறக்கி மஞ்சள் கோட்டில் நிறுத்தினார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். கம்பவுண்டர் சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு மேடைமேல் ஏறிப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றார்.

"ஆப்பு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வெக்கல. மொத்தம் ஆறு ஆப்பு. மேஸ்திரி, அலமாரியில எத்தனை இருக்கு, நீங்களே எண்ணிச் சொல்லுங்க."

"ஆறு" என்றான் மேஸ்திரி எரிச்சலோடு. "அன்னிக்கும் ஆறும் அலமாரியிலதான் இருந்துச்சு. அதான் எழுதிக் குடுத்தேனே. ஆப்பு வெக்கல, பெட்டி தானா சறுக்கிடுச்சு. கதை முடிஞ்சுது."

"சரி. ஸ்டோர் கீப்பர் நின்ன இடத்துல ஒரு ஆள் நிக்கணும். ஒரு போட்டோ எடுக்கணும், அவ்வளவுதான். முதலாளி, நீங்க?"

முதலாளி பெட்டியைப் பார்த்தார். அரை டன் எடை தலைக்கு மேல் நின்றது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று இரண்டடி பின்னால் போனார். நெற்றியில் வேர்வை.

மேடைமேல் கம்பவுண்டருக்கு ரோமம் சிலிர்த்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! ஆளைப் பிடித்தாயிற்று என்று மேடத்துக்குக் கண்ணைக் காட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"இன்ஸ்பெக்டர்?"

"ஏம்மா, நான் செத்தா அந்தக் கேஸை யார் பார்க்கறது?" இன்ஸ்பெக்டரும் நகர்ந்துகொண்டார்.

கம்பவுண்டருக்குக் குழப்பமாகிவிட்டது. இரண்டு பேருக்குமா குறுகுறுக்கும்?

"தொடைநடுங்கிங்க" என்று துப்பிவிட்டு மேஸ்திரி விறுவிறுவென்று சரிவின் அடிக்கு வந்தான். பெட்டிக்கு நேர் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைக் கட்டி நின்றான். "எடு போட்டோவ. எடுத்துட்டு நடையக் கட்டு. இந்தம்மா வேற, புருஷனக் காப்பாத்த வேஷம் கட்டுறா. கூடப்பொறந்தவன் செத்த துக்கம் கொஞ்சமாவது இருக்கா பாரு."

கூடவே வந்திருந்த அந்தப் பெண் வாசலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை.

மேடம் கேமராவை எடுக்கவேயில்லை. மேஸ்திரியின் எதிரில் போய் நின்றாள்.

"பயமா இல்லையா மேஸ்திரி?"

"எனக்கு எதுக்குப் பயம்?"

"மேல பெட்டி நிக்குது. ஆப்பு இல்ல, நீங்களே எண்ணினீங்க. முதலாளி பயந்தார். இன்ஸ்பெக்டர் பயந்தார். ஏன்னா நீங்க எழுதிக் குடுத்ததை அவங்க ரெண்டு பேரும் நம்பறாங்க. ஆப்பு இல்லாட்டி பெட்டி தானா சறுக்கும்னு. இந்தக் கோடவுன்ல அதை நம்பாத ஆள், எழுதிக் குடுத்த நீங்க ஒருத்தர்தான்."

மேடைமேல் கம்பவுண்டர் தன் பழமொழியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

மேஸ்திரியின் தாடை இறுகியது. "இருபது வருஷமா இதுல பொழங்கறேன். நின்ன பெட்டி நிக்கும். முதுகக் காட்டி நின்னுதான் எங்களுக்குப் பழக்கம். எந்த லோடுமேனக் கேட்டாலும் சொல்லுவான்."

"அப்ப அன்னிக்கு ஏன் நிக்கல?"

"எனக்கென்ன தெரியும்? யாராவது இடிச்சிருப்பான்."

"கண்ணால பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இடிச்சவனைப் பார்க்கலையா?"

"ஏய்!" என்று இரைந்தான் அவன். "போலீஸ் நீயா, அவரா? மொதலாளி, இவள வெளிய அனுப்பறீங்களா, நான் அனுப்பட்டுமா?"

இரைந்தானே தவிர இடத்தைவிட்டு நகரவில்லை. நகர்ந்தால் பயம் என்று ஆகிவிடும். மேடம் தலைமுடியை ஒதுக்கினாள். அதுதான் அடையாளம்.

கம்பவுண்டர் சட்டைக்குள்ளிருந்து சாண் நீள உருட்டுக் கம்பியை எடுத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் இரும்புத் தகட்டின்மேல் வைத்துக் கையை எடுத்தார்.

கடகடகடவென்று அது உருண்டது.

முதலாளி என்ன சத்தம் என்று நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். மேஸ்திரி பார்க்கவில்லை. திரும்பக்கூட இல்லை. சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில் பக்கவாட்டில் பாய்ந்து தரையில் புரண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

பெட்டி மஞ்சள் கோட்டில் அப்படியே நின்றது. கம்பி மட்டும் உருண்டு வந்து மேடத்தின் செருப்பில் முட்டியது.

"சின்னக் கம்பி மேஸ்திரி" என்றாள் அவள். "சத்தம் கேட்டா எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பாங்க. கம்பி உருண்டா பின்னாடியே பெட்டி வரும்னு தெரிஞ்சவன்தான் பாய்வான். முன்னாடி அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கீங்க. பெட்டிக்கு அடியில நீங்களே வெச்ச கம்பிங்க."

மேஸ்திரி எழுந்தான். எழுந்தவன் கையில், லோடுமேன்கள் அங்கே போட்டிருந்த கொக்கிக் கம்பு இருந்தது. மேடத்தை நோக்கி அதை ஓங்கினான். மேடைமேலிருந்த இரண்டு லோடுமேன்களும் குதித்து இறங்கினார்கள். அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தது அவர்கள்தான். இத்தனை நாள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசாமலிருந்ததற்கெல்லாம் சேர்த்து இறுக்கிப் பிடித்தார்கள்.

"விடுங்கடா! சோத்துக்கு வழி பண்ணினவன் நான்டா!"

முதலாளி இப்போது கையிலிருந்த பேரிங்கைச் சுண்டினார். கரகர. இன்னொன்றை எடுத்துச் சுண்டினார். அதுவும் கரகர.

"பழசு" என்றார் நம்பமுடியாமல். "பாலிஷ் போட்ட பழசு. புது சரக்கை வெளிய தள்ளிட்டு இதை அடைச்சிருக்கான்."

"ஸ்டோர் கீப்பர் அதைக் கண்டுபிடிச்சார். சாப்பிட்டதும் உங்களைப் பார்க்கணும்னு காலையில தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வந்திருக்கார்" என்றாள் மேடம். "இவர்கிட்டயும் சொல்லியிருப்பார்."

"சொன்னான்!" மேஸ்திரி திமிறினான். "மூஞ்சிக்கு நேரா சொன்னான். யோக்கியனாம்! பெட்டி நம்பரப் பாத்துட்டுப் போடான்னு சரிவுக்குக் கீழ கூப்பிட்டேன். வந்தான்."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். மேடத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கேஸ் மறுபடி திறந்துகொண்டதில் அவருக்குக் கோபம், அதுவும் தன் கண்ணெதிரிலேயே திறந்துகொண்டதில் இரட்டிப்புக் கோபம்.

அப்போதுதான் அந்தப் பெண் வாசலிலிருந்து வந்தாள். நேரே மேஸ்திரியின் முன்னால் நின்றாள். அறையப்போகிறாள் என்று கம்பவுண்டர் எதிர்பார்த்தார். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"நீ கம்பி செருகறப்ப" என்று கேட்டாள் அவள், "ஆப்பு இருந்துச்சா?"

மேஸ்திரி அவளை ஏளனமாகப் பார்த்தான். இனி அவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. வலிக்கிற இடம் எது என்று பார்த்துக் குத்த மட்டும் மிச்சமிருந்தது.

"இருந்துச்சு. உன் புருஷன் வெச்சதுதான். என்னமா இறுக்கி வெச்சிருந்தான்! கொக்கி போட்டு இழுத்தேன், மொத இழுப்புக்கு வரல. அந்தச் சத்தத்துல உங்கண்ணன் நிமிந்து என்னப் பாத்துட்டான். ரெண்டாவது இழுப்புக்குத்தான் வந்துச்சு. போதுமா?"

அவள் விழுந்துவிடுவாள் என்று கம்பவுண்டர் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தார். அவள் உதறிவிட்டாள். அழவில்லை. மேஸ்திரியின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்து, "போதும்" என்றாள்.

*

ஸ்டேஷனில் மூன்றே கால். கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேன் வந்து நின்றிருந்தது. ரைட்டர் லோடுமேனின் வாக்குமூலத்தை எழுதி முடித்து, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார். லோடுமேன் பேனாவை வாங்கி 'மறந்துவிட்டேன்' என்ற வார்த்தைக்குக் கீழே கொண்டுபோனான்.

"எழுதாதீங்க" என்றாள் அவன் மனைவி, லாக்கப் கம்பிக்கு வெளியே நின்று. நேற்றைக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

அவன் நிமிர்ந்தான். ஐந்து நாள் தாடி. கண் உள்ளே போயிருந்தது. "இல்லம்மா, நான்தான் போலிருக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். வெச்ச மாதிரி ஞாபகமே வரல. ஒங்கண்ணன நான்தான்..."

"வெச்சிருந்தீங்க."

"இல்லம்மா..."

"வெச்சிருந்தீங்க! கொன்னவனே சொல்லிட்டான். நீங்க வெச்ச ஆப்ப எடுக்க அவன் ரெண்டு தடவ இழுக்க வேண்டியிருந்துச்சாம்."

பேனா கீழே விழுந்தது. அவன் கம்பிக்கு வெளியே கையை நீட்டினான், தொடலாமா என்று தெரியாதவனாக. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நாள் அழாத அழுகையை அங்கேயே அழுதாள். அண்ணனுக்காக அழ அவளுக்கு அப்போதுதான் முடிந்தது.

வாய் ஓயாத கம்பவுண்டர் கீழே கிடந்த பேனாவை எடுத்து ரைட்டர் கையில் கொடுத்தார். மேடத்தின் பின்னால் சத்தம் போடாமல் படியிறங்கிப் போனார்.